குரங்குக் குங்ஃபூ மூன்று மாதத்தில் வருமா?

மார்ச் 4, 2019. ஒரு வாசகர் கேட்டது

எங்கள் தெருமுனையில் புதிதாகப் பேனர் கட்டியிருக்கிறார்கள். "மங்கி ஸ்டைல் குங்ஃபூ, மூன்று மாதம், சான்றிதழ் உண்டு." என் பையனுக்குப் பதினோரு வயது, சேர்த்துவிடச் சொல்லி உயிரை எடுக்கிறான். இது நிஜமான சண்டைக் கலையா, சர்க்கஸா? அனுமனிடமிருந்து சீனாவுக்குப் போனது என்று மாஸ்டர் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

சேர்க்காதீர்கள். மூன்று மாதத்தில் குரங்கு வராது, உட்காரவே வராது.

நான் 1996 முதல் 1998 வரை வேலை நிமித்தமாக ஹாங்காங்கில் இருந்தேன். யாவ் மா டேய் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் வாரம் மூன்று நாள் வகுப்பு. டாய் ஷிங் பெக் க்வா என்ற பாணி. "டாய் ஷிங்" என்றால் மாமுனி, அதாவது சுன் வூகாங் என்ற குரங்கரசன். பெயரிலேயே குரங்கு இருக்கிறதே என்று ஆசையாகப் போனேன். முதல் பதினெட்டு மாதம் ஒரு குரங்கையும் கண்ணில் காட்டவில்லை. பெக் க்வா மட்டும்தான். இரண்டு கைகளையும் காற்றாலை மாதிரி சுழற்றிச் சுழற்றி மேலிருந்து வெட்டுவது. கை தொடையில் வந்து மோதும் சத்தம் சரியாக இல்லையென்றால் சிஃபூ, அதாவது குரு, மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். தோளை முரட்டுத்தனமாக வைத்திருந்தால் சத்தம் "தொம்" என்று வரும், தளர்த்தினால் "பட்" என்று வரும். எனக்கு எட்டு மாதம் தொம்.

ஆகவே பேனர் பொய். இப்போது இணையத்தில் பார்க்கிற போட்டி மேடைக் குரங்குகளும், கன்னத்தைச் சொறிந்து, கண்ணைச் சிமிட்டி, குட்டிக்கரணம் போடுவதெல்லாம், வெறும் கூத்து. சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 5

"அப்படியானால் நிஜக் குரங்கு எது, யார் கண்டுபிடித்தது" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் எனக்குச் சொன்ன கதையைச் சொல்கிறேன்.

சிங் வம்சத்தின் கடைசிக் காலம். வடசீனாவில் கௌ ஸே என்று ஒருவர். தரையில் விழுந்து புரண்டு சண்டையிடும் டேய் டாங் பாணியில் தேர்ந்தவர். ஒரு கொலைக்காக எட்டு ஆண்டு சிறை. சிறையைச் சுற்றிக் காடு, அங்கே குரங்குக் கூட்டம். காவலர்களே அவற்றை வளர்த்தார்கள், யாராவது தப்ப முயன்றால் கத்திக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. கௌ ஸேக்கு வேறு வேலை இல்லை. கம்பி வழியாக எட்டு ஆண்டும் அவற்றைப் பார்த்தார். எது எப்போது சண்டைக்குப் போகிறது, எது நடிக்கிறது, எது அடி வாங்கிக்கொண்டே கடிக்கிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, தனக்குத் தெரிந்த தரைப் பாணியோடு சேர்த்தார். வெளியே வந்தபோது கையில் ஐந்து குரங்குகள்.

நெட்டைக் குரங்கு: நிமிர்ந்து நிற்கும், நீண்ட கை, எதிராளி மீதே ஏறும். மரக் குரங்கு: கோபக்காரன், பிடித்து இழுத்துத் தரைக்குக் கொண்டுபோகும். வழிதவறிய குரங்கு: பயந்தது போல, திசை தெரியாமல் முழிப்பது போல நடிக்கும், நீங்கள் இரக்கப்பட்ட நொடியில் கண்ணுக்குக் கை வரும். கல் குரங்கு: உடம்பை இரும்பாக்கிக்கொண்டு, வேண்டுமென்றே ஓர் இடத்தைத் திறந்து காட்டி, அங்கே அடி வாங்கி, அந்த அடிக்கு விலையாக உங்கள் தொண்டையை எடுக்கும். குடிகாரக் குரங்கு: தள்ளாடும், விழும், விழுந்த இடத்திலிருந்து அடிக்கும். ஐந்திலும் மிகவும் ஏமாற்றுவது இதுதான்.

கௌ ஸேயின் நண்பர் ஒருவர் பெக் க்வா ஆசிரியர். அந்த நண்பரின் மகன் கான் டக் ஹோய். கௌ ஸேயிடம் குரங்கையும் கற்று, பெக் க்வாவை உருவாக்கி இரண்டையும் ஒன்றாக்கி ஹாங்காங்குக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். இவரிடம் கற்ற சான் சௌ சுங்கை ஹாங்காங்கில் "குரங்கரசன்" என்றே கூப்பிட்டார்கள்.

என் சிஃபூ எந்தக் கிளை என்று சொல்ல மாட்டேன். அவருடைய மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். நிஜச் சண்டைக்கு.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

மேலே அவசரத்தில் தவறு. பெக் க்வாவை கான் டக் ஹோய் உருவாக்கவில்லை, அவருக்கு அது அப்பா வழிச் சொத்து. பெக் க்வா வடக்கே ஹெபெய் மாகாணத்தின் சாங்ஜோ வட்டாரத்தில் வேர்விட்ட பழைய பாணி. இரண்டையும் சேர்த்தது மட்டும்தான் அவர் வேலை. சேர்ப்பதும் சின்ன வேலை இல்லை. ஒன்று தூரத்திலிருந்து நீட்டி வெட்டுவது, இன்னொன்று ஒடுங்கிக் கிட்டத்தில் பிராண்டுவது. சாம்பாரில் பாயசம் ஊற்றுகிற மாதிரி. எப்படியோ நன்றாகவே வந்திருக்கிறது.

மார்ச் 9

"நீங்கள் எத்தனை குரங்கு கற்றீர்கள்?"

வழிதவறிய குரங்கில் மூன்றில் ஒரு பங்கு. சிரிக்காதீர்கள்.

அங்கே ஒரு முறை உண்டு. மாதக் கட்டணம் கட்டி வருகிறவன் மாணவன். சிஃபூவுக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுத்து, சிவப்பு உறையில் பணம் வைத்து, பாய் சி என்ற சடங்கைச் செய்தவன் சீடன். முழுக் குரங்கும் சீடனுக்குத்தான். நான் கட்டணக்காரன். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போகிறவன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே தேநீர்ப் பேச்சே எழவில்லை. பத்தொன்பதாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "சரி, உட்கார்" என்றார். அதுதான் தொடக்கம்.

உட்காருவது என்றால் குந்துவது. முழங்கால்கள் உள்பக்கம் ஒடுங்க வேண்டும், முதுகு வளைய வேண்டும், கழுத்து தோளுக்குள் போக வேண்டும், முழங்கை விலாவை விட்டு அகலக்கூடாது. கைகள் மணிக்கட்டில் மடங்கி, ஐந்து விரலும் குவிந்து நெஞ்சுக்கு முன்னால் தொங்க வேண்டும். இவ்வளவும் யார் வேண்டுமானாலும் படத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். குதிகால்தான் விஷயம். எடை முழுக்க முன்பாதத்தில், ஆனால் குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு மேல் எழக்கூடாது. உயர்ந்தால் கவிழ்ந்துவிடுவீர்கள். தரையில் பதிந்தால் எந்தப் பக்கமும் குதிக்க முடியாது. சிஃபூ கையில் கோழி இறகுத் துடைப்பம் இருக்கும், ஹாங்காங் வீடுகளில் பிள்ளைகளை அடிக்க வைத்திருப்பார்களே, அது. அதன் பிரம்புக் காம்பால் குதிகாலில் ஒரு தட்டு. வலிக்காது, அவமானமாக இருக்கும். பக்கத்தில் பத்து வயதுப் பையன் அதே நிலையில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருப்பான்.

மார்ச் 10

1997 ஜூன் 30 இரவு நினைவுக்கு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ஊரை ஒப்படைத்த இரவு, கொட்டும் மழை. மொட்டை மாடியில் நிற்க முடியாமல் படிக்கட்டில் வகுப்பு. கீழே யார் வீட்டிலோ டிவியில் கொடி இறங்கும் விழா ஓடுகிறது. சிஃபூ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படிக்கட்டு குறுகல் என்பதால் கை சுழற்ற முடியாது, ஆகவே ஒடுங்கும் பயிற்சி என்று சொல்லிவிட்டார். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, எழுதத் தோன்றியது.

மார்ச் 17

அனுமன் விஷயம். மூன்று பேர் விடாமல் கேட்கிறார்கள், ஒருவர் கோபமாகவே.

குங்ஃபூவில் இருக்கும் குரங்கு அனுமன் என்பதற்கு ஆதாரம் கிடையாது. "மேற்கு நோக்கிய பயணம்" என்ற பழைய சீன நாவலில் வரும் சுன் வூகாங் அனுமனிலிருந்து வந்தவனா என்பது வேறு கேள்வி, அதில் சீனர்களே இரண்டு கட்சி. 1923இல் ஹூ ஷி என்ற அறிஞர் அனுமன்தான் மூலம் என்று எழுதினார். எழுத்தாளர் லூ சுன் இல்லை என்றார். குரங்கு வடிவில் ஒரு நீர்ப்பூதம், வூ ஷி ச்சி, சீனக் கதைகளிலேயே இருக்கிறது, அதுதான் மூலம் என்பது அவர் கட்சி. நாவல் அச்சில் வந்தது 1592. ஆனால் துறவியோடு இந்தியாவுக்கு நடக்கும் குரங்கின் கதை அதற்கு முன்பே உலவியது. ஃபூஜியன் மாகாணத்தின் ச்சுவான்ஜோ துறைமுகத்தில் கையுவான் கோயில் என்று ஒன்று. அதன் மேற்குக் கல்கோபுரம் 13ஆம் நூற்றாண்டினது, அதில் வாளோடு நிற்கும் குரங்குத் தலை வீரன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான்.

அந்தத் துறைமுகத்தில் நம் ஆட்களும் இருந்தார்கள். 1281இல் அங்கே ஒரு சிவன் கோயிலுக்காகச் செதுக்கிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலத்துக்காகத் திருமேனி எழுந்தருளப் பண்ணியதாகச் சொல்கிறது. ஆக, கோபுரத்துக் குரங்கும் தமிழ் வணிகரும் ஒரே ஊரில், ஒரே நூற்றாண்டில். அந்தக் குரங்கைப் பார்த்து நம் ஆள் ஒருவராவது "அட, ஆஞ்சநேயர்" என்று சொல்லியிருக்க மாட்டாரா? சொல்லியிருப்பார். அது ஆதாரம் ஆகாது. அவ்வளவுதான் என் கட்சி.

போதிதர்மர்தான் குங்ஃபூவைச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்றவருக்கு: 547இல் எழுதிய யாங் சுவான்ஜி என்ற சீனர் அவரைப் பாரசீகர் என்கிறார். டான் லின் எழுதிய இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் ஒரு குத்துகூட இல்லை. அவர் பேரில் உலவும் தசைப் பயிற்சி நூலின் பின்னுரைக்குத் தேதி 1624. ஆயிரம் வருடம் கழித்து வந்த ரசீது.

மார்ச் 18

"களரியில் குரங்கு இருக்கிறதே" என்றவருக்கு: அங்கே எட்டு வடிவு என்று வழக்கமாக எண்ணுவது யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில். குரங்கு இல்லை. மல்யுத்தத்தில் ஹனுமந்தி என்று ஒரு பிரிவு உண்டு, ஆனால் அது உடல்பலத்தை விட நுட்பத்தால் வெல்வதற்கான பெயர், சொறிந்துகொள்வதற்கு அல்ல. அனுமன் பெயரோடு நேரடியாக ஓர் அடி வேண்டுமென்றால் தாய்லாந்துக்குப் போங்கள். பழைய முவாய் குத்துச்சண்டைப் பாணியில் "அனுமன் கணையாழி கொடுத்தல்" என்று ஒரு குத்து: இரண்டு கை முட்டியும் சேர்ந்து கீழிருந்து தாடைக்கு. சீதையிடம் மோதிரம் நீட்டுகிற பாவனை. வாங்குகிறவர் சீதையாக இல்லாதது நல்லது.

ஏப்ரல் 2

சிறைக் கதையை எழுதியதிலிருந்து எனக்கே உறுத்தல்.

குரங்கைக் காவலுக்கு வளர்க்கும் சிறையா? சரி, இருக்கட்டும். ஆனால் இதைப் பாருங்கள். நாவலில் சுன் வூகாங் கல்லிலிருந்து பிறக்கிறான். கல் குரங்கு. தேவலோக விருந்து மதுவைத் திருடிக் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான். குடிகாரக் குரங்கு. பிறகு தண்டனையாக ஐந்து பூதங்களின் பெயர் கொண்ட மலைக்கடியில் ஐந்நூறு ஆண்டு அடைக்கப்படுகிறான். வெளியே வந்ததும் வேறு ஆள். கௌ ஸேயும் அடைக்கப்படுகிறார், ஐந்து குரங்கோடு வெளியே வருகிறார், கலைக்குச் சுன் வூகாங்கின் பட்டத்தையே வைக்கிறார். நான் இருபது வருடம் இதை வரலாறாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஓர் ஆளின் வாழ்க்கையை நாவலின் அச்சில் ஊற்றி எடுத்த மாதிரி இருக்கிறது.

இதை அப்போதே ஒரு மாதிரி கேட்டேன், என் அரைகுறைக் கான்டனீஸில், "அந்தச் சிறை எங்கே இருக்கிறது" என்று. மாடிக் கொட்டகைச் சுவரில் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். சிஃபூ கீழ்ப்படத்தைக் காட்டி, "இவரிடம் அடி வாங்கியிருக்கிறேன்" என்றார். அதற்கு மேல் படத்தைக் காட்டி, "இவரை இவர் பார்த்திருக்கிறார்" என்றார். அதற்கும் மேலே படம் இல்லை, எழுத்து மட்டும். அதைக் காட்டி, "இதற்கு ஊதுவத்தி" என்றார்.

ஏப்ரல் 3

"அப்படியென்றால் எல்லாமே பொய்யா?" இல்லை. நேற்று எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். கான் டக் ஹோய் நிஜம், சான் சௌ சுங் நிஜம். சான் சௌ சுங்கின் மாணவர் சென் குவான் டாய், பிறகு சினிமா நடிகரானவர், 1969இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் மோதி வென்றவர். கலை சண்டை போடும்.

ஏப்ரல் 3, இரவு

ஒருவர் கேட்கிறார், "அவர் குரங்கால் வென்றாரா, பெக் க்வாவால் வென்றாரா?" நியாயமான அடி. போட்டி விதியில் கண், தொண்டை, கவட்டை மூன்றும் கூடாது. குடிகாரக் குரங்கின் பிழைப்பே அந்த மூன்றில்தான். ஆக மேடையில் ஏறும் குரங்கு பாதிப் பல்லைப் பிடுங்கிய குரங்கு. மிச்சம் நிற்பது காற்றாலைக் கைதான். என்னைப் பதினெட்டு மாதம் அதிலேயே போட்டு வறுத்தது ஏன் என்று இப்போதுதான் உறைக்கிறது. நான் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். இன்று லீவு, ஆகவே ஒரு கிளைக்கதை.

ஹாங்காங்கில் சௌ மாவ் பிங் என்ற குடியிருப்பில் டாய் ஷிங்குக்குக் கோயில் இருக்கிறது. சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தியோங் பாருவில் உள்ள, 1920இல் தோன்றிய குரங்குக் கடவுள் கோயில் தெரிந்திருக்கும். சீன எட்டாம் மாதம் பதினாறாம் நாள், நிலாப் பண்டிகைக்கு மறுநாள், அவருக்குத் திருவிழா. வகுப்பு மூத்தவர் ஒருவர், அங்கே சி ஹிங் என்போம், அண்ணன் மாதிரி, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சாமி வந்தவர் குரங்காக ஆடுகிறார். கண் சிமிட்டல், கன்னம் சொறிதல், குதிகால் தூக்கல். பிறகு கனல் பரப்பி, அதன் மேல் நடக்கிறார்கள். சி ஹிங் என் முகத்தைப் பார்த்தார், நான் அதிர்வேன் என்று. "எங்கள் ஊரில் ஆடி மாதம் என் அத்தையே நடப்பார்" என்றேன். அவர்தான் அதிர்ந்தார்.

அத்தைக்கு அப்போது அறுபத்திரண்டு வயது.

மே 20

முதல் நாள் நான் எழுதிய ஒரு வரியைத் திரும்ப வாங்குகிறேன். போட்டி மேடைக் குரங்கு வெறும் கூத்து, சண்டைக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துச் சொன்னேன். இரண்டு மாதமாக இங்கே ஒவ்வொருவருக்கும் பதில் தேடியதில் எனக்கே அது நிற்கவில்லை.

குரங்குப் பாவனை சீனாவில் பழைய காலத்தில் எங்கே வருகிறது? மாவாங்துய் கல்லறையில். கி.மு. 168இல் மூடியது, 1973இல் அகழ்ந்தது. அதில் உடற்பயிற்சி நிலைகள் வரைந்த பட்டுத்துணி. நாற்பத்து நான்கு உருவங்கள். ஒன்றுக்குக் குரங்கின் பெயர். அது உடல்நலத்துக்கு. பிறகு ஹான் வரலாற்று நூலில் ஒரு காட்சி. ஒரு பெரிய மனிதரின் புதுமனைப் புகுவிழா விருந்து. குடி ஏறியதும் டான் சாங்ச்சிங் என்ற உயர் அதிகாரி எழுந்து, குரங்கும் நாயும் சண்டையிடுவதை ஆடிக் காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். கை குவான்ராவ் என்ற கண்டிப்பான அதிகாரி மட்டும் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, வெளியே போய், அவர் மீது முறையீடு எழுதிவிடுகிறார். ஆக அங்கே குரங்கும் குடியும் சண்டையும் ஒரே ஆட்டத்தில் இருக்கின்றன, கௌ ஸேக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்னால். கூத்தாக.

சண்டை முறைகளின் பட்டியலில் குரங்குக் கைமுட்டி என்ற பெயரை மிங் தளபதி ச்சி ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார். அவர் கடற்கொள்ளையரோடு மோதிய ஆள், கூத்துக்காக எழுதவில்லை. ஆனாலும் பூ வேலை போன்ற முறைகளை அவர் மதித்ததில்லை. போர்முனையில் உதவாது என்பார்.

பிறகு நாடக மேடை. ஷாவோசிங் வட்டாரத்தில் ஜாங் குடும்பம் தலைமுறையாகக் குரங்கு வேடம் கட்டியது. அதன் வாரிசு, லியூ சியாவ் லிங் டோங் என்ற மேடைப் பெயர் கொண்டவர், 1986 தொலைக்காட்சித் தொடரில் சுன் வூகாங்காக வந்து ஊரையே கட்டிப்போட்டார். போட்டி மேடையில் குரங்கு செய்யும் பையன்கள் அவர் கண்ணைப் பார்த்து வளர்ந்தவர்கள். குரங்குப் பாணிக்குப் பயிற்சியாளர்கள் ஐந்து சொல்வார்கள்: உருவம் ஒக்க வேண்டும், நினைப்பு உண்மையாக வேண்டும், முறை நெருக்கமாக வேண்டும், காலடி இலகுவாக வேண்டும், உடல் உயிரோடு வேண்டும். உருவம் முதலில் நிற்கிறது. அதுதான் என்னை உறுத்தியது. உருவத்தில் ஆரம்பிப்பவனைத்தான் கூத்தாடி என்று சொன்னேன். என் சிஃபூ கடைசியில் கொடுத்ததும் உருவம்தானே? குந்து, ஒடுங்கு, முழி. நான் மூன்றில் ஒரு பங்கோடு ஊருக்கு வந்தவன். மற்ற இரண்டு பங்கில் கன்னம் சொறிவது இருந்திருக்காது என்று எப்படிச் சொன்னேன்?

மே 21

காம் ஷான் மலைக்குப் போனீர்களா என்று ஹாங்காங்கில் இருப்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார். பலமுறை. கௌலூன் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காடு. ஊர்க்காரர்கள் மா லாவ் மலை என்பார்கள், அதாவது குரங்கு மலை. நீர்த்தேக்கம் கட்டிய காலத்தில் அங்கே எட்டி மர இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி மண்டியிருந்தது. அதன் விஷக் காய் தண்ணீரில் விழுமே என்று பயந்து, அதைத் தின்னும் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டதாகச் சொல்வார்கள். நம்மூரில் எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்ன என்கிறோம். அங்கே பழுத்தால் தின்னட்டும் என்று குரங்கை அழைத்திருக்கிறார்கள்.

1999இல்தான் தீனி போடத் தடை வந்தது. நான் இருந்த காலத்தில் எல்லோரும் ரொட்டியோடு போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌ ஸே மாதிரி உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். நாலு மணி நேரம். பெரும்பாலும் பேன் பார்த்தன. சண்டை ஒன்றே ஒன்று, இரண்டு நொடி. ஒரு கடுவன் இன்னொன்றை முறைத்தது, அது வேறு பக்கம் பார்த்தது போல் பாவனை செய்தது, பிறகு எதுவோ நடந்து முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது காதில் ரத்தம் மட்டும். வழிதவறிய குரங்கை முழுசாகப் பார்த்துவிட்டேன், எதையும் கற்கவில்லை. கிளம்பும்போது ஒரு மந்தி என் பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனது. ஜிப்பைத் திறந்து.

மே 23

சொல்ல மறந்தது. சீனத்தில் ஹௌ வேறு, யுவான் வேறு. ஹௌ நம் சாதாரணக் குரங்கு. யுவான் நீண்ட கையுள்ள வாலில்லாக் கிப்பன். டோங்பெய் போன்ற நீண்டகைப் பாணிகளில் வருவது வெள்ளை யுவான். யுவே நாட்டு வாள் பெண்ணோடு மூங்கிலால் மோதிவிட்டு, மரத்தில் தாவி வெள்ளை யுவானாக மாறிய கிழவரின் கதையும் யுவான் கதைதான். தமிழில் இரண்டையும் "குரங்கு" என்று போட்டுக் குழப்புகிறோம். குரங்கு, முசு, ஊகம் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்த மொழிக்கு இது அழகில்லை.

ஜூன் 8

முழங்கால். எப்படியும் யாராவது கேட்பீர்கள். இரண்டும் போய்விட்டன. குந்திய நிலையில் திரும்புவதால் உள்ளே குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். "கபடி ஆடினீர்களா?" என்றார். குரங்கு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றேன்.

வலிக்கு யின் யோகா நல்லது என்று மகள் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஒரு நிலையில் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் அசையாமல் கிடப்பது. சொகுசாக இருக்கிறதே, யார் கொண்டுவந்தது என்று தேடினால், பாலி சிங்க் என்ற அமெரிக்கர். அவர் யார்? டாய் ஷிங் பெக் க்வா ஆசிரியர்! சோ சாட் லிங் என்பவரிடம் குரங்கு கற்றுப் பட்டம் வென்றவர். அவரிடம் கற்ற பால் கிரில்லி வழியாகத்தான் இந்த யோகா பரவியது. குரங்கால் போன முட்டிக்குக் குரங்குக்காரரே மருந்து. பரம்பரை எது அசல் என்று அமெரிக்கக் கிளையும் ஹாங்காங் கிளையும் முட்டிக்கொள்வது தனிக் கதை, நான் அதில் தலையிட மாட்டேன். ஊதுவத்தி.

ஜூலை 1

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லியும் பையனைச் சேர்த்துவிட்டாராம். நாலு மாதம் ஆகிறது, சான்றிதழ் இன்னும் தரவில்லையாம். ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், ஒன்றரை நிமிடம்.

மாஸ்டரிடம் குரு யார் என்று கேட்டேன், சிடி என்றார் என எழுதியிருக்கிறார். ஐந்தாறு சிடி, பர்மா பஜாரில் வாங்கியது. சரி, கௌ ஸேக்குக் குரங்குகள், இவருக்குச் சிடி என்று சிரித்துக்கொண்டேதான் போட்டுப் பார்த்தேன்.

பையன் மணிக்கட்டை மடிப்பதும் கண்ணைச் சிமிட்டுவதும் போட்டி மேடைக் குரங்கு, சந்தேகமே இல்லை. நன்றாகவும் செய்கிறான். நாற்பதாவது நொடியில் குந்துகிறான். மாஸ்டர் சட்டகத்தின் ஓரத்தில் வருகிறார், செருப்பு போட்ட காலால் பையனின் குதிகாலை ஒரு தட்டு. குதிகால் கொஞ்சம் இறங்குகிறது, தரையைத் தொடவில்லை. ஒரு விரல் உயரம். பையன் அங்கிருந்து இடப்பக்கம் தாவுகிறான், கவிழவில்லை.

நான் அந்த இடத்தை எட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். எந்தச் சிடியிலும் குதிகால் தெரியாது. கேமரா எப்போதும் முகத்தில்தான் இருக்கும். அதை அவருக்கு யாரோ நேரில் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழை விடுங்கள், அது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.